மூடிக் கணக்கும் பரப்புக் கணக்கும்

களைக்கொல்லியின் அளவைத் தீர்மானிப்பது நிலத்தின் பரப்பு. மருந்துப் புட்டியின் சிட்டையில் 'ஹெக்டருக்கு 3 லிட்டர்' என்று அச்சிட்டிருந்தால், 10,000 சதுர மீட்டர் நிலத்திலுள்ள களைகள்மேல் 3 லிட்டர் மருந்து போய்ச் சேர வேண்டும் என்று பொருள். அதை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடித்தாலும் 500 லிட்டரில் கலந்து அடித்தாலும் அந்த 3 லிட்டர் மாறாது. மருந்தை இலைவரை சுமந்து போவதுதான் தண்ணீரின் வேலை. மலாக்கா மாநிலத்தின் செம்பனைத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான் குடியிருப்புகளின் பின்சந்துகளிலும் காதில் விழும் கணக்கோ வேறு: "ஒரு பம்புக்கு மூணு மூடி." இந்தக் கணக்கில் மூடி இருக்கிறது, பம்பு இருக்கிறது, நிலம் இல்லை.

மூடி ஓர் அளவைக் கருவியே அல்ல. ஒரு நிறுவனத்தின் புட்டி மூடியில் பிடிப்பது இன்னொன்றின் மூடியில் பிடிக்காது. ஒரே நிறுவனத்தின் 1 லிட்டர் புட்டிக்கும் 4 லிட்டர் கேனுக்கும் மூடி வேறு. பம்பும் அப்படித்தான், முதுகில் சுமக்கும் பம்புகளில் 10 லிட்டர், 16 லிட்டர், 20 லிட்டர் என்று பல உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஆளுக்கு ஆள் நடை மாறுகிறது. இருபது வயதுக்காரர் ஒரு பம்பு மருந்தில் முடிக்கும் இடத்தை, முழங்கால் வலியோடு நடக்கும் ஐம்பது வயதுக்காரர் இரண்டு பம்பில் முடிப்பார். இருவரும் பம்புக்கு மூன்று மூடிதான் ஊற்றியிருப்பார்கள். ஆனால் இரண்டாமவரின் நிலத்தில் விழுந்த மருந்து இருமடங்கு.

மலாக்காவுக்கும் களைக்கும் உள்ள வழக்கு பழையது. 1896இல் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் போடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது. பிறகு புக்கிட் ஆசகான் பக்கமும் ரப்பர் பரவியது. தொடக்ககாலத் துரைமார்கள் மரத்தடியில் ஒரு புல்லும் இருக்கக் கூடாது என்று நினைத்தார்கள். அதற்காக மண்ணைச் சுரண்டிச் சுரண்டியே மேல்மண் மழையில் கரைந்து போனது. சுரண்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள். அவர்கள் மிகவும் போராடியது லாலாங் புல்லோடு. மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் அதன் கிழங்குத் தண்டு ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் மறுபடி தளிர்த்துவிடும். ஜாசின் வட்டாரத்தில் 'ஜாசின் லாலாங்' என்ற பெயரில் ஒரு தோட்டமும் ஒரு தமிழ்ப்பள்ளியும் உள்ளன. களையின் பெயர் ஊரோடு ஒட்டிக்கொண்டது.

கைக்களையெடுப்புக்குச் செலவு ஏறியதும் இரசாயனம் வந்தது. முதலில் வந்தது சோடியம் ஆர்செனைட். பச்சை விஷமான ஆர்செனிக்கின் உப்பு அது. 1960களில் அதன் இடத்தைப் பாராகுவாட் பிடித்தது. பின்னர் கிளைபோசேட், குளூபோசினேட் அமோனியம், மெட்சல்பியூரான் மெத்தில், 2,4-டி ஆகியவை வந்து சேர்ந்தன. மலாய் மொழியில் இவை எல்லாவற்றுக்கும் 'ராச்சுன் ரும்பாய்' என்று ஒரே பெயர். 'ராச்சுன்' என்றால் விஷம். தமிழில் அது 'மருந்து' ஆகிவிட்டது. 'மருந்து அடிக்கப் போகிறேன்' என்றுதான் சொல்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் மலாய்ச் சொல்லே நேர்மையானது.

இந்த மருந்துகள் கொல்லும் விதம் ஒன்று போல் இல்லை. செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தானே செய்துகொள்கிறது. அந்தத் தயாரிப்பில் ஈடுபடும் ஒரு நொதியைக் கிளைபோசேட் முடக்குகிறது. இலை வழியாக உள்ளே போய், உணவு ஓடும் பாதையிலேயே வேர்வரை இறங்குவதால் லாலாங் போன்ற கிழங்குக் களைகளுக்கு ஏற்றது; ஆனால் செடி மஞ்சளாகச் சில நாள்கள் ஆகும். குளூபோசினேட் செய்வது வேறு வேலை. செடியின் உடலுக்குள் உண்டாகும் அம்மோனியாவை அகற்றும் நொதியைத் தடுத்து, அம்மோனியாவைத் தேங்க வைக்கிறது. பட்ட இடத்தைத்தான் பெரும்பாலும் கருக்கும், வேருக்கு அதிகம் போகாது. மெட்சல்பியூரான் அகன்ற இலைக் களைகளின் செல் பிரிவை நிறுத்துகிறது. அது மண்ணில் தங்கும் தன்மை உள்ளது. ஆகவே அளவு மீறி அடித்த இடத்தில் அடுத்து நடும் கீரையும் கத்தரியும் குன்றிப்போகலாம்.

அளவு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலாக்காவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மலாய் மக்கள் 'சம்பாவ்' என்று சொல்லும் புல், கேழ்வரகின் காட்டு உறவு. கதிர் விரல் விரலாக விரியும், பிடித்து இழுத்தால் வேர் எளிதில் வராது. மலாக்காவின் கெசாங்கிலும் பகாங்கின் ஜெராந்துட்டிலும் இந்தப் புல் குளூபோசினேட்டுக்குச் சரியாகச் சாகவில்லை என்று புகார் எழுந்தது. அங்கிருந்து எடுத்த செடிகளை வளர்த்துச் சோதித்த ஆய்வு 2010இல் வெளியானது. சாதாரணப் புல்லோடு ஒப்பிட, கெசாங் புல்லுக்கு இரு மடங்கும் ஜெராந்துட் புல்லுக்கு எட்டு மடங்கும் தாங்குதிறன் இருந்தது. குளூபோசினேட்டுக்கு ஒரு களை எதிர்ப்புப் பெற்றதாக உலகில் முதன்முதலில் தெரிய வந்த நிகழ்வுகளில் இது ஒன்று. அதற்கு முன்பே, 1990களின் பிற்பகுதியில், பேராக்கின் தெலுக் இந்தானில் இதே புல் கிளைபோசேட்டையும் தாங்கி நின்றது.

ஒரே மருந்தை ஆண்டுக்குப் பலமுறை அடிப்பதே இத்தகைய எதிர்ப்புக்கு முதற்காரணம். அதற்குத் துணை போவது குறை அளவு. ஒரு வயலில் உள்ள ஆயிரம் புல்லும் ஒரே உறுதி உடையவை அல்ல. முழு அளவு மருந்து விழுந்தால் சற்றே உறுதியான செடியும் செத்துவிடும். பாதி அளவு விழுந்தால் அது வாடி, பிழைத்து, விதை போடும். ஆஸ்திரேலியாவில் ரை புல்லை வைத்துச் செய்த சோதனையில், குறை அளவில் தப்பிய செடிகளை மட்டும் தலைமுறை தலைமுறையாக இனம்பெருக்கியபோது மூன்றே தலைமுறையில் எதிர்ப்பு கூடிவிட்டது. கெசாங் புல்லின் எதிர்ப்பு இருமடங்குதான். அந்த மாதிரிப் புல்லின்மேல் பாதி அளவு மருந்து விழுந்தால், வலுவான செடியை நாமே பொறுக்கி எடுத்து விதை பெருக்குகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆக, முதல் வேலை மருந்துப் புட்டியைத் திறப்பது அன்று. வெறும் தண்ணீரை வைத்துப் பம்பையும் ஆளையும் அளந்துகொள்வதே முதல் வேலை.

மருந்து அடிக்கப்போகும் இடத்தைப் போன்ற புல்தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் ஒன்றை நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். சிமெண்டுத் தரை கூடாது. அங்கே கால் வேகமாகப் போகும். பம்பில் தண்ணீரை ஒரு குறி வரை ஊற்றி, அந்தக் குறியை வண்ணத்தால் கோடிட்டுக்கொள்ளலாம். பிறகு வழக்கமான நடையில், வழக்கமாகக் கைப்பிடியை அழுத்தும் தாளத்தில், சதுரம் முழுவதும் ஒரே சீராக அடிக்க வேண்டும். சோதனை என்பதற்காக நிதானமாக நடந்தால் கணக்கு பொய்யாகிவிடும். அடித்து முடித்ததும் பம்பைச் சமதரையில் வைத்து, அளவுக் குவளையால் பழைய கோடு வரை மீண்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். எத்தனை லிட்டர் ஊற்றினோமோ அத்தனை லிட்டர் 100 சதுர மீட்டருக்குச் செலவாகியிருக்கிறது. மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் நல்லது. முதல் முறை எப்போதும் சிறிது ஏறுமாறாகத்தான் வரும்.

அப்படி 4 லிட்டர் செலவானதாக வைத்துக்கொள்வோம். பம்பு 16 லிட்டர் பிடிக்கும் என்றால் ஒரு பம்பு 400 சதுர மீட்டருக்குப் போதும். சிட்டையில் ஹெக்டருக்கு 3 லிட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 0.3 மில்லி. 400 சதுர மீட்டருக்கு 120 மில்லி. அந்தப் பம்புக்கு, அந்த ஆளுக்கு, அந்த மருந்துக்கு விடை 120 மில்லி. அதே பம்பை மெதுவாக நடப்பவர் சுமந்து 100 சதுர மீட்டருக்கு 6 லிட்டர் அடித்தால், ஒரு பம்பு 267 சதுர மீட்டருக்குத்தான் வரும். அவர் ஊற்ற வேண்டியது 80 மில்லி. அவரும் 120 மில்லியே ஊற்றினால் அவருடைய நிலத்தில் ஹெக்டருக்கு 4.5 லிட்டர் விழும். வேகமாக நடந்து 2 லிட்டரில் முடிப்பவருக்கு 240 மில்லி வேண்டும். அவர் 120 ஊற்றினால் பாதி மருந்துதான் விழுந்திருக்கும், கெசாங் புல் அவரைப் பார்த்து வளரும். நாசில் மாறினாலும் தேய்ந்தாலும் இந்தக் கணக்கு மாறும். தேய்ந்த நாசிலின் துளை பெரிதாகி, பார்வைக்குத் தெரியாமலே அதிகம் கக்கும். ஆகவே சில மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தண்ணீர்ச் சோதனையைத் திரும்பச் செய்வது நல்லது.

செம்பனைத் தோட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே பெரும்பாலும் நிலம் முழுவதும் மருந்து அடிப்பதில்லை. மரத்தைச் சுற்றிய வட்டத்திலும் நடைபாதையிலும் மட்டுமே அடிப்பார்கள். ஒரு ஹெக்டரில் 136 மரம் என்றும், ஒவ்வொன்றுக்கும் 2 மீட்டர் ஆரத்தில் வட்டம் என்றும் வைத்தால், ஒரு வட்டம் ஏறக்குறைய 12.6 சதுர மீட்டர். 136 வட்டமும் சேர்ந்து சுமார் 1,700 சதுர மீட்டர். அதாவது தோட்டத்தின் பதிவேட்டில் ஒரு ஹெக்டர் என்று எழுதியிருக்கும் நிலத்தில், வட்டங்களில் மருந்து படும் இடம் ஆறில் ஒரு பங்குதான். சிட்டையில் உள்ள 3 லிட்டர் மருந்து படும் ஹெக்டருக்கு உரியது. அந்த வட்டங்களுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் போதும். நடப்பட்ட ஹெக்டரையும் மருந்து படும் ஹெக்டரையும் குழப்பிக்கொண்டு 3 லிட்டரையும் 136 வட்டத்தில் கொட்டினால், ஒவ்வொரு வட்டத்திலும் ஆறு மடங்கு விழும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் செய்யும் பிழை இது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே தெரியும்.

வீட்டுத் தோட்டத்தில் அளவு சிறியது என்பதாலேயே பிழை பெரிதாகிறது. 30 சதுர மீட்டர் பின்சந்துக்கு, மேலே சொன்ன கணக்கில் 9 மில்லி மருந்தும் 1.2 லிட்டர் தண்ணீரும் போதும். ஒரு மூடி ஊற்றினாலே அதைவிட அதிகமாகிவிடலாம். 9 மில்லியை அளக்க மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு ஏற்றது. அதன்மேல் அழியாத மையால் 'விஷம்' என்று எழுதி, வேறெதற்கும் பயன்படுத்தாமல் மருந்தோடு பூட்டி வைக்க வேண்டும். சமையலறைக் கரண்டியும் இருமல் மருந்துக் குவளையும் இந்தப் பக்கமே வரக்கூடாது. மெட்சல்பியூரான் போன்ற தூள் மருந்துகள் ஹெக்டருக்குச் சில பத்துக் கிராம் அளவில் பயன்படுபவை. ஹெக்டருக்கு 60 கிராம் என்றால் 100 சதுர மீட்டருக்கு 0.6 கிராம்தான் வரும். வீட்டுத் தராசு அதைக் காட்டாது, கண்மதிப்பு நிச்சயம் ஏமாற்றும். சிறு தோட்டக்காரர் அவ்வகைத் தூளை வாங்காமல் இருப்பதே சரி. உண்மையில் 30 சதுர மீட்டருக்கு மண்வெட்டியும் ஒரு காலைப்பொழுதும் போதும். மருந்து தேவையா என்ற கேள்வியும் அளவுக் கணக்கில் சேர்ந்ததே.

சிட்டையை வாசிக்காமல் இந்தக் கணக்குகள் ஒன்றும் நடக்காது. 'காடார்' என்ற மலாய்ச் சொல்லின் கீழே அளவு இருக்கும். 'பெராவிஸ் அக்திஃப்' என்பது செயல்படும் வேதிப்பொருள். அதன் சதவீதத்தைக் கவனிக்க வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் கிளைபோசேட்டில் '41%' என்றிருக்கும். அது எடைக் கணக்கு. அந்தத் திரவம் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.17 கிலோ எடை இருப்பதால், அதில் 480 கிராம் கிளைபோசேட் உப்பு உள்ளது. உப்பை நீக்கி அமிலமாகக் கணக்கிட்டால் 360 கிராம். இன்னொரு நிறுவனத்தின் புட்டியில் லிட்டருக்கு அமிலமே 480 கிராம் இருக்கலாம். முன்னதில் 3 லிட்டர் செய்யும் வேலையைப் பின்னதில் 2.25 லிட்டர் செய்துவிடும். புட்டி மாறினால் பழைய கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுச் சிட்டையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதனால்தான்.

சிட்டையின் அடியில் ஓடும் வண்ணப்பட்டையும் ஒரு மொழி. மலேசியாவில் பூச்சிகொல்லி, களைக்கொல்லி எல்லாம் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றே விற்கப்பட வேண்டும். 1984ஆம் ஆண்டின் சிட்டை விதிகள் நச்சுத்தன்மைக்கு ஏற்ப வகுப்புப் பிரித்துள்ளன. கறுப்பு மிகக் கொடியது, அடுத்து சிவப்பு, மஞ்சள், நீலம், கடைசியில் வெள்ளை. எச்சரிக்கை வாசகங்கள் தமிழிலும் அச்சிடப்படுகின்றன. மலாய், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத மூத்த தலைமுறைக்கு அந்தச் சில வரிகளே பாதுகாப்பு. ஆனால் தோட்டத்தில் மருந்து கலந்தே வரும். கலந்த மருந்தைச் சுமப்பவர் கண்ணில் சிட்டை படுவதே இல்லை. அவருக்கு என்ன மருந்து என்று வாய்விட்டுச் சொல்வது கலக்குபவரின் கடமை. வெள்ளைப் பட்டை என்றால் ஆபத்தே இல்லை என்றும் பொருள் அல்ல. அது உடனடி நச்சைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. இந்த வாதம் எப்படி முடிந்தாலும், மேலில் படாமல் பார்த்துக்கொள்வதில் நட்டம் யாருக்கும் இல்லை.

மருந்து வேலையில் மிக ஆபத்தான நேரம், புட்டியைத் திறந்து கலக்கி மூடும் அந்த ஐந்து நிமிடம். 16 லிட்டரில் 120 மில்லி என்றால் மருந்து 133 மடங்கு நீர்த்திருக்கிறது. அப்படியானால் புட்டியிலிருந்து கையில் தெறிக்கும் 1 மில்லி, பம்பிலிருந்து மேலில் கொட்டும் 133 மில்லிக்குச் சமம். அடிக்கும்போது முகமூடி, தொப்பி, காலணி எல்லாம் அணிந்துகொண்டு, கலக்கும்போது வெறுங்கையோடு நிற்பவர்கள் ஏராளம். கலக்கும் நேரத்தில்தான் நைட்ரைல் கையுறையும், கண்ணை மூடும் கண்ணாடியும், மார்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை மறைக்கும் நெகிழி மேலங்கியும் கட்டாயம் வேண்டும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைக்கும். வெறுங்கையாவது உடனே கழுவப்படும்.

குவளையைக் கண் உயரத்துக்குத் தூக்கி அளவு பார்ப்பது பலருக்கும் பழக்கம். அது கண்ணில் தெறிக்க வழி. குவளையைச் சமமான மேடையில் வைத்து, ஆள் குனிந்து கோட்டைப் பார்க்க வேண்டும். காற்று முதுகுப் பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும்படி நிற்க வேண்டும். புட்டியைச் சாய்க்கும்போது வாய் மேல்பக்கம் இருக்குமாறு பிடித்தால் காற்று உள்ளே போய் 'குளுக் குளுக்' என்று துள்ளாமல் ஒழுங்காக ஊற்றும். கலக்கும் இடம் வீட்டு முற்றமாகவோ கிணற்றடியாகவோ இருக்கக் கூடாது.

தண்ணீரின் தரத்துக்கு இங்கே யாரும் முக்கியத்துவம் தருவதில்லை. தோட்டங்களில் பக்கத்துக் கால்வாயிலிருந்தே வாளியில் மொண்டு ஊற்றும் வழக்கம் உண்டு. மலாக்காவின் செம்மண் கரைந்த அந்த நீர், தேநீர் நிறத்தில் இருக்கும். கிளைபோசேட் களிமண்ணோடு இறுகப் பிணையும் பொருள். மண்ணில் விழுந்ததும் அது செயலிழப்பதும் அதனால்தான். சேற்று நீரில் கலந்தால் அந்தப் பிணைப்பு பம்புக்குள்ளேயே நடந்துவிடும். களை சாகாது, ஆள் அடுத்த முறை ஒரு மூடி கூட்டுவார். குழாய்நீரோ தெளிந்த மழைநீரோ போதும். துத்தநாகம் பூசிய தகர வாளியில் கிளைபோசேட்டைக் கலக்கவே கூடாது. உலோகத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும், மூடிய இடத்தில் ஒரு தீப்பொறி போதும். நெகிழி வாளிதான் சரி.

கலக்கும் முறைக்கும் காரணம் உண்டு. முதலில் பம்பில் பாதித் தண்ணீர். பிறகு அளந்த மருந்து. பிறகு மீதித் தண்ணீர். மருந்தை முதலில் ஊற்றித் தண்ணீரை மேலே பாய்ச்சினால் நுரை பொங்கி வழியும். கனமான மருந்து அடியில் குழாய்க்குள் தங்கி, முதல் சில மீட்டருக்குக் கெட்டியாகவும் கடைசியில் வெறும் தண்ணீராகவும் போகும். தூள் மருந்தை ஒரு சிறு பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரோடு கரைத்துக் கட்டி இல்லாமல் பார்த்து, பிறகே பம்பில் ஊற்ற வேண்டும். கலக்கக் குச்சி வேண்டும். முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிய கதைகள் தோட்டப்புறத்தில் இன்னும் நினைவில் உள்ளன. ரப்பர்க் குழாயின் நுனியைப் பம்புக்குள் முக்கி வைத்துத் தண்ணீர் பிடிக்கக் கூடாது. குழாயில் அழுத்தம் திடீரென்று விழுந்தால் பம்பிலுள்ள மருந்து பின்னோக்கி இழுக்கப்பட்டு வீட்டுக் குழாய்நீரில் சேரும்.

நிறைந்த 16 லிட்டர் பம்பு ஏறக்குறைய 20 கிலோ எடை. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் குனியும்போதெல்லாம் மருந்து முதுகில் ஒழுகி இடுப்புக்கு இறங்கும். தோல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. உள்ளங்கையை விடத் தொடையிடுக்கு பல மடங்கு வேகமாக உறிஞ்சும். நனைந்த சட்டையோடு மாலைவரை வேலை செய்வது, அந்த மருந்தை உடம்பில் பூசிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

பாராகுவாட் காலத்தில் இதன் விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். மலேசியத் தோட்டங்களில் மருந்து அடிக்கும் வேலை அவர்கள் தலையில்தான் விழுந்தது. நகம் கறுத்து உதிர்வது, மூக்கில் இரத்தம் வடிவது, தோல் புண்ணாவது ஆகியவை அந்த மருந்தின் அடையாளங்கள். உடலுக்குள் போனால் அது நுரையீரலில் சேர்ந்து அதை நார்போல் இறுக்கிவிடும். அந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. தெனாகனித்தா என்ற தொண்டு அமைப்பும் பூச்சிகொல்லி எதிர்ப்பு வலையமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவும் தோட்டத் தொழிலாளர்களிடையே செய்த ஆய்வை 2002இல் வெளியிட்டன. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1 அன்றுதான் முழுத்தடை வந்தது. அறிவிப்புக்கும் தடைக்கும் இடையில் போன பதினேழு ஆண்டுகளும் தோட்டத்துப் பெண்கள் அதைச் சுமந்த ஆண்டுகள். இவ்வளவு தாமதத்துக்கு எந்த நியாயமும் கிடையாது.

அடிக்கும் நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பனி காய்ந்த பிறகு, இலை மெல்ல அசையும் அளவுக்கு மட்டும் காற்று இருக்கும்போது அடிக்கலாம். மலாக்கா நீரிணைக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கத்திலிருந்து திடீர்க் காற்றும் மழையும் வருவதுண்டு. அப்படிப்பட்ட நாளில் பம்பை எடுக்காமல் இருப்பது நல்லது. கிளைபோசேட் இலைக்குள் இறங்கச் சில மணி நேரம் மழையில்லாமல் இருக்க வேண்டும்.

சரியாக அளந்தவருக்கு மிச்சம் அதிகம் இராது. இருக்கும் சிறிதளவையும் இன்னும் தண்ணீர் சேர்த்து, மருந்து அடிக்கத் தகுந்த நிலத்திலேயே அடித்துத் தீர்க்க வேண்டும். கால்வாயில் கொட்டுவது எங்கே போய்ச் சேரும் என்பதை மலாக்காக்காரர்கள் மறக்கக் கூடாது. நீர்வளம் குறைந்த மாநிலம் இது. 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றி மாநிலமே குழாய்நீருக்குத் தவித்தது. தோட்டங்களின் நடுவே ஓடும் சிற்றாறுகளும் குடிநீருக்கு ஆதாரம்.

காலிப் புட்டியை மூன்று முறை அலச வேண்டும் என்பது சடங்கு அன்று. 1 லிட்டர் புட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பது 10 மில்லி என்று வைத்தால், 190 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டும்போது இருபதில் ஒரு பங்கு மருந்து மிஞ்சும். இரண்டாம் முறை நானூறில் ஒன்று. மூன்றாம் முறை எண்ணாயிரத்தில் ஒன்று. ஒரே முறை 570 மில்லி ஊற்றி அலசினால் ஐம்பத்தெட்டில் ஒன்று மிஞ்சியிருக்கும். செலவான தண்ணீர் இரண்டுக்கும் ஒன்றே. அலசிய நீரைப் பம்பிலேயே ஊற்ற வேண்டும். அதுவும் காசு கொடுத்து வாங்கிய மருந்து. பிறகு புட்டியின் அடியில் துளையிட்டுவிட்டால் யாரும் அதில் எண்ணெயோ தண்ணீரோ பிடித்து வைக்க முடியாது. நனைந்த துணியைக் குடும்பத்துத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும்.

மேலில் பட்டால் உடனே உடையைக் களைந்து சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக் கால் மணி நேரம் ஓடும் நீரில் காட்ட வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் வழிகாட்டுகிறது. எந்த மருத்துவரும் முதலில் கேட்பது, என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்பதைத்தான். அதற்கான பதில் சிட்டையில் இருக்கிறது. ஆகவே புட்டியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கொடுப்பதற்காகக் குளிர்பானப் புட்டியில் மாற்றி ஊற்றிய மருந்துக்கு அந்தச் சிட்டை இல்லை. குழந்தையின் கண்ணுக்கு அது குளிர்பானம்.